புகை படிந்த மண்: இரசாயனத் தீவிபத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பெரிய இரசாயனத் தொழிற்சாலைகள் அதிகம் இல்லை. ஆனால் பீடைகொல்லியும் உரமும் அடுக்கிய களஞ்சியங்கள், பெயின்ற் கடைகள், பிளாஸ்ரிக் மீள்சுழற்சி செய்யும் இடங்கள், பழைய பற்றரி உடைக்கும் கொட்டில்கள், ரயர் குவித்த வளவுகள் எல்லாம் குடிமனைகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. இவற்றில் ஒன்று தீப்பிடித்து, கறுத்த புகை ஊருக்கு மேலால் போனால், மறுநாள் காலை எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: தோட்டம் பழுதாகிவிட்டதா, கீரை ஆயலாமா, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

மண் பரிசோதனை பற்றி என்னிடம் வரும் கேள்விகளைத் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடம் தரும் விடை சரியாக இருக்குமா இல்லையா என்பது, தீ அணைந்த பிறகு முதல் சில நாளில் உங்கள் வளவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் தங்கியிருக்கிறது. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

புகை கலைந்துவிட்டது, மணமும் இல்லை. மண்ணில் இனி என்ன இருக்கப் போகிறது?

புகையில் வாயுவும் இருக்கும், துகளும் இருக்கும். கண்ணை எரிப்பதும் தொண்டையைக் கரகரக்க வைப்பதும் பெரும்பாலும் வாயுக்கள்: ஐதரசன் குளோரைட்டு, கந்தகவீரொட்சைட்டு, கரைப்பான்களின் ஆவி. இவை காற்றில் கலைந்து போய்விடும். அமில வாயு கொஞ்சம் மண்ணில் இறங்கினாலும், சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் நம்முடைய மண் அதை நடுநிலையாக்கிவிடும். இலை கருகுவதுதான் அதன் அடையாளம்.

மண்ணில் தங்குவது துகள். கரி, சாம்பல், எண்ணெய்ப் பசையுள்ள நுண்துளிகள். ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள், பல்வளைய ஐதரோகாபன்கள் (PAH, பொருட்கள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் நச்சுச் சேர்மங்கள்), டயொக்சின்கள் (குளோரின் உள்ள பொருட்கள் எரியும்போது உண்டாகும் கடும் நஞ்சுகள்) எல்லாம் இந்தத் துகளில் ஒட்டிக்கொண்டுதான் கீழே இறங்கும். இவற்றுக்குப் பெரும்பாலும் மணம் கிடையாது. ஆகவே மணம் போய்விட்டது என்பதை வைத்து மண் சுத்தம் என்று சொல்ல முடியாது. மணம் தாங்க முடியாமல் இருந்தது என்பதை வைத்து மண் பழுது என்றும் சொல்ல முடியாது.

1976 யூலை 10 அன்று இத்தாலியில் செவெசோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து நச்சு முகில் ஒன்று வெளியேறியது. அது தீவிபத்து அல்ல, உலை அளவுக்கு மீறிச் சூடாகி வெளிவந்த ஆவி. முகில் கலைந்துவிட்டது, டயொக்சின் மண்ணில் தங்கிவிட்டது. முதலில் செத்தவை வீடுகளில் வளர்த்த கோழிகளும் முயல்களும். மக்களை வெளியேற்றத் தொடங்கும்போது இரண்டு கிழமை கடந்திருந்தது. அந்த வகை டயொக்சின் மேற்பரப்பு மண்ணில் பாதியாகக் குறையவே 9 முதல் 15 ஆண்டு எடுக்கும் என்று கணிக்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்துவிட்டால் இன்னும் பல மடங்கு காலம்.

என்ன எரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அது தெரியாமல் சோதிக்க முடியாதா?

முடியும், ஆனால் காசு வீணாகும். "மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று கேட்டால் எந்த ஆய்வுகூடத்தாலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பொருள் என்று பெயர் சொல்ல வேண்டும். பெயரைத் தருவது எரிந்த சரக்குத்தான்.

பிவிசி குழாயும் வயரும் எரிந்திருந்தால் குளோரின். பிவிசியின் நிறையில் 57 வீதம் குளோரின்தான். செம்பு வயரோடு சேர்ந்து எரிந்தால் டயொக்சின் உண்டாவது கூடும், ஏனென்றால் செம்பு அந்தத் தாக்கத்தைத் தூண்டிவிடும். ரயர் என்றால் நாகம் (துத்தநாகம்) என்ற உலோகமும் பல்வளைய ஐதரோகாபன்களும். வாகன பற்றரி என்றால் ஈயம், வேறு யோசனையே வேண்டாம். பழைய பெயின்ற் என்றால் ஈயத்தோடு குரோமியமும் பாருங்கள். பொலித்தீனும் தண்ணீர்த் தாங்கி செய்யும் பிளாஸ்ரிக்கும் மட்டும் என்றால் டயொக்சின் பற்றிய கவலை குறைவு, கரியும் பல்வளைய ஐதரோகாபன்களும்தான் மிஞ்சும்.

பீடைகொல்லிக் களஞ்சியம் தனி வகை. எரிந்தது போக, எரியாமல் ஆவியாகிப் புகையோடு ஏறியதும் உண்டு. அதைவிடப் பெரிய பங்கு தீயணைத்த தண்ணீரோடு தரையில் ஓடியிருக்கும். அதைக் கிணறு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கூரையையும் மறக்காதீர்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரை நெருப்பில் பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறும். விரல் நகம் அளவான சாம்பல் நிறச் சில்லுகள் வளவில் கிடந்தால் காலால் மிதித்து நொறுக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறையோடு பொறுக்கி, இரட்டைப் பையில் கட்டி வையுங்கள்.

சரக்கு என்ன என்று அறிய வழிகள் உண்டு. தொழிற்சாலை என்றால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்த கோவை இருக்கும். பிரதேச சபையில் வியாபார அனுமதி இருக்கும். அங்கே வேலை செய்தவர்களையும் சாமான் இறக்கிய லொறிச் சாரதிகளையும் கேளுங்கள். பல நேரம் கோவையைவிட அவர்களுக்குத்தான் கூடத் தெரியும். பிரான்சில் ரூவான் நகரில் 2019 செப்ரெம்பர் 26 அன்று எண்ணெய்ச் சேர்மானத் தொழிற்சாலை ஒன்று எரிந்து ஏறத்தாழ 9,500 தொன் இரசாயனம் சாம்பலானபோது, மக்கள் வீதிக்கு இறங்கிக் கேட்ட முதல் விடயம் எரிந்த பொருட்களின் பட்டியல். பிறகு அது வெளியிடப்பட்டது. நீங்களும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் வீடு இரண்டு கிலோமீற்றர் தள்ளி. எங்களுக்கும் பாதிப்பு வருமா?

தூரத்தைவிடத் திசையைப் பாருங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், அதாவது மே முதல் செப்ரெம்பர் வரை, சுன்னாகத்துப் பக்கம் ஒன்று எரிந்தால் புகை அச்சுவேலிப் பக்கம் போகும். வாடை என்ற வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அதே நெருப்பின் புகை மானிப்பாய்ப் பக்கம் திரும்பும். மேற்காலே அரைக் கிலோமீற்றரில் இருக்கும் வீடு தப்பியிருக்க, கிழக்காலே மூன்று கிலோமீற்றரில் இருக்கும் வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டி கறுத்துப் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. நெருப்புக் கொழுந்துவிட்டு எரியும்போது சூட்டில் புகை உயர எழும்பி, தூரப் போய் இறங்கும். அணைக்கிறோம் என்று தண்ணீர் அடித்த பிறகு இரண்டு மூன்று நாள் கனன்று கொண்டிருக்குமே, அந்தப் புகை எழும்பாது. தரையோடு தவழ்ந்து பக்கத்து வளவுகளில் படியும். இரவில் காற்று ஓய்ந்து கிடந்தால் இன்னும் மோசம். பெரிய நெருப்பை எல்லாரும் படம் பிடிக்கிறார்கள், இந்தக் கனலும் புகையை யாரும் குறித்து வைப்பதில்லை. எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம் புகை போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் பிறகு மாதிரி எடுப்பவருக்கு அது பெரிய உதவி.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

முற்றம் கூட்டாதீர்கள்.

இதைச் சொன்னால் எங்கள் அம்மாமாருக்குக் கோபம் வரும். விடிய எழும்பி முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பது இங்கே ஒரு நாளும் தவறாத பழக்கம். ஆனால் புகைத்துகள் பாலில் ஆடை படிவது போல மண்ணின் மேல் மெல்லிய படையாகக் கிடக்கிறது. விளக்குமாறு அதை அள்ளிக்கொண்டு போய் வேலிக்கரையில் குவிக்கும். பிறகு முற்றத்தில் மாதிரி எடுத்தால் ஒன்றும் இல்லை என்று வரும், குப்பைக் குவியலில் எடுத்தால் தலை சுற்றும் அளவு வரும். இரண்டும் பொய்.

அதைவிட ஆபத்து, கூட்டிய குப்பையை அன்றைக்கே மூலையில் கொளுத்துவது. படிந்த துகளை மறுபடி புகையாக்கி, இந்த முறை உங்கள் குசினி யன்னலுக்கு நேராக விடுகிறீர்கள். அந்தச் சருகுக்குள் சிதறி விழுந்த பிளாஸ்ரிக் துண்டும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்குள், விறாந்தையில், கிணற்றுக் கட்டில் படிந்ததை ஈரத்துணியால் துடைக்கலாம். துடைக்க முன்னர் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியால் ஓரிடத்தைத் துடைத்து, அந்தத் துணியை அலுமினியத் தாளில் மடித்து, எவ்வளவு பரப்பைத் துடைத்தீர்கள் என்று எழுதி வைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர்த் தாங்கியின் மூடி, சூரிய மின்தகடுகள், வாகனக் கண்ணாடி இவற்றில் படிந்ததுதான் மிகச் சுத்தமான சாட்சி. மண்ணில் பழைய கதைகள் பல கலந்திருக்கும், போன கிழமை கழுவிய கண்ணாடியில் இந்த நெருப்பின் துகள் மட்டும்தான் இருக்கும்.

மழைத் தண்ணீர் பிடிக்கும் தாங்கி இருந்தால் பீலியைக் கழற்றி விடுங்கள். முதல் மழை கூரையைக் கழுவட்டும். தோட்டத்தை உழவோ கொத்தவோ வேண்டாம், மாதிரி எடுக்கும் வரை.

மாதிரியை எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுப்பது?

இதில்தான் பெரும்பாலான சோதனைகள் பிழைத்துப் போகின்றன. உர அளவு பார்க்க விவசாயப் போதனாசிரியர் மண் கேட்டால், நீங்கள் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிக் கொடுப்பீர்கள். அது பயிரின் வேருக்குச் சரி. புகைக்கு அது சரிவராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிகிராம் நச்சு படிந்திருக்கிறது என்று வையுங்கள். மேல் 2 சென்ரிமீற்றர் மண்ணை மட்டும் எடுத்தால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 26 கிலோ மண். அப்போது கிலோவுக்கு 0.038 மில்லிகிராம் என்று வரும். அதே இடத்தில் 20 சென்ரிமீற்றர் வெட்டி எடுத்தால் 260 கிலோ மண்ணில் அது கரைந்து, 0.0038 என்று வரும். மண் ஒன்றுதான், நஞ்சும் ஒன்றுதான், விடை பத்து மடங்கு குறைந்துவிட்டது. ஆய்வுகூடத்தின் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இந்தப் பிழையைத் திருத்த முடியாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குலையாத நிலத்தில் 25 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைக் கயிற்றாலோ பலகைச் சட்டத்தாலோ குறியுங்கள். புல் இருந்தால் அதைக் கத்திரித்துத் தனியாக எடுங்கள், அதுவும் ஒரு மாதிரி. பிறகு சில்வர் கரண்டியால் மேல் 2 சென்ரிமீற்றரை மட்டும் சுரண்டி எடுங்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். அதே குழியில் 2 முதல் 10 சென்ரிமீற்றர் வரை உள்ளதை வேறாக எடுங்கள். இந்த இரண்டாவது மாதிரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேல்மண்ணில் கூடுதலாகவும் அடிமண்ணில் குறைவாகவும் இருந்தால் அது அண்மையில் காற்றோடு வந்து விழுந்தது. இரண்டிலும் ஒரே அளவு என்றால் அது பழையது. போர்க்காலத்திலிருந்தோ, முன்பு அங்கே எரித்த குப்பையிலிருந்தோ, தெருவில் ஓடிய வாகனங்களிலிருந்தோ வந்திருக்கலாம். முப்பது ஆண்டு போர் நடந்த மண்ணில் ஈயமும் செம்பும் ஏற்கனவே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நட்டஈடு கேட்கப் போகும்போது "அது முன்பே இருந்தது" என்றுதான் முதலில் சொல்வார்கள். அதற்குப் பதில் இந்த இரண்டு ஆழமும்தான்.

குலையாத நிலம் என்றால் எது? தரிசாகக் கிடக்கும் காணி, பாடசாலை மைதானத்தின் ஓரப் புற்றரை, ஆட்கள் நடமாடாத பனங்காணி. கோயில் வீதி பார்க்க நல்ல வெளியாக இருக்கும், ஆனால் நாளும் கூட்டுகிறார்கள், திருவிழாவுக்குப் புது மண் பரவுகிறார்கள். அது வேண்டாம். மரத்தின் கீழ், கூரைத் தாழ்வாரத்தின் கீழ், அடுப்புச் சாம்பல் கொட்டும் இடம், தெருக்கரை இவையும் வேண்டாம்.

காற்றுப் போன திசையில் 100 மீற்றர், 250, 500, பிறகு 1 கிலோமீற்றர், 2 கிலோமீற்றர் என்று தள்ளித் தள்ளி எடுங்கள். இருபக்கமும் ஓரிரண்டு. காற்று வந்த திசையில், புகையே படாத இடத்தில், குறைந்தது இரண்டு. இந்த ஒப்பீட்டு மாதிரிகள் ஒரே வகை மண்ணாக இருக்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு வடமராட்சி மணலை ஒப்பிட்டால் கணக்கு வராது.

எதில் போட்டு வைப்பது?

பல்வளைய ஐதரோகாபன், டயொக்சின், பீடைகொல்லி பார்க்க வேண்டும் என்றால் கண்ணாடிப் போத்தல். நன்றாகக் கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல் போதும், மூடிக்கு உட்புறம் அலுமினியத் தாள் வையுங்கள். உலோகத்துக்குப் புதுப் பொலித்தீன் பை போதும். வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் கரண்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கையுறையை மாற்றுங்கள். திகதி, நேரம், இடம், ஆழம், எடுத்தவர் பெயர் எல்லாம் போத்தலில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் சந்தேகம் வந்தால் வேறு ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க அது தேவைப்படும்.

எல்லாவற்றையும் சோதிக்கக் காசு இல்லை. எதை முதலில் பார்ப்பது?

டயொக்சின் சோதனை மிகவும் செலவானது. அதை எல்லா மாதிரிக்கும் செய்ய நினைக்க வேண்டாம். முதலில் உலோகங்களையும் 16 பல்வளைய ஐதரோகாபன்களையும் பாருங்கள். துகள் அதிகம் விழுந்த இடம் எது என்று அவையே காட்டிவிடும். அந்த இடத்தில் மூன்று, புகை படாத இடத்தில் ஒன்று என்று தெரிந்தெடுத்து டயொக்சினுக்கு அனுப்பலாம். அதுவும் குளோரின் உள்ள சரக்கு எரிந்திருந்தால் மட்டும்.

குளோரைட்டை அடையாளமாக வைத்து "இங்கே பிவிசி புகை விழுந்திருக்கிறது" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கடலும் கடனீரேரியும் சூழ்ந்த குடாநாட்டில் குளோரைட்டு எங்கேயும் இருக்கும்.

மாதிரி எடுக்க முன்னரே மழை பெய்துவிட்டது. இனிப் பயனில்லையா?

பயன் இருக்கிறது. ஈயமும் டயொக்சினும் பல்வளைய ஐதரோகாபன்களும் மண்துணிக்கையை இறுகப் பிடித்துக்கொள்பவை, ஒரு மழையில் கீழே இறங்கிவிடாது. ஆனால் மேல்மண்ணே அரித்துப் பள்ளத்துக்குப் போயிருக்கும். தண்ணீர் தேங்கி வற்றிய இடத்தின் வண்டலையும் ஒரு மாதிரியாக எடுங்கள். மழையில் கரைந்து போவது அமிலமும் உப்பும் சில பீடைகொல்லிகளும்தான். அவற்றைத் தேட வேண்டிய இடம் மண் அல்ல, கிணறு.

அறிக்கை கையில் இருக்கிறது. ஒன்றும் விளங்கவில்லை.

முதலில் அலகைப் பாருங்கள். கிலோவுக்கு மில்லிகிராம் என்பதும் கிலோவுக்கு நனோகிராம் என்பதும் பத்து இலட்சம் மடங்கு வித்தியாசம். டயொக்சினை நனோகிராமில்தான் சொல்வார்கள்.

"கண்டறியப்படவில்லை" என்று போட்டிருந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். கண்டறியும் எல்லை, அதாவது அந்தச் சோதனையால் கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு, எவ்வளவு என்று பக்கத்தில் இருக்கும். நீங்கள் ஒப்பிடப் போகும் வரம்பைவிட அந்த எல்லை பெரிதாக இருந்தால், அந்தச் சோதனை உங்களுக்கு ஒன்றையும் சொல்லவில்லை.

அறிக்கைகளில் வெளிநாட்டு வரம்புகளை எடுத்துப் போடுவார்கள். அவை நிலத்தின் பயன்பாட்டுக்கு ஏற்ப மாறும். ஜேர்மனியின் மண் பாதுகாப்பு ஒழுங்குவிதியில் டயொக்சினுக்குச் செயல்வரம்பு (தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு) பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கிலோவுக்கு 100 நனோகிராம் நச்சுச் சமானம் (பல வகை டயொக்சின்களின் நச்சையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட அளவு), குடிமனையில் 1,000, தொழிற்சாலை வளவில் 10,000. ஈயத்துக்கு, தாண்டினால் மேலும் ஆராய வேண்டிய வரம்பு விளையாட்டிடத்தில் 200 மில்லிகிராம், குடிமனையில் 400. தொழிற்சாலை நிலத்துக்கான வரம்பைக் காட்டி "எல்லாம் வரம்புக்குள்தான்" என்று பாலர் பாடசாலை முற்றத்தைப் பற்றிச் சொன்னால் அதை ஏற்காதீர்கள். எந்த நிலத்துக்கான வரம்பு என்று கேட்பது உங்கள் உரிமை.

என்னைக் கேட்டால், வரம்பைவிட முதலில் பார்க்க வேண்டியது ஒப்பீட்டு மாதிரி. புகை படாத இடத்தைவிட உங்கள் மண்ணில் எத்தனை மடங்கு? தூரம் கூடக் கூட அளவு குறைகிறதா? மேல்மண்ணில் கூடவா? இந்த மூன்றும் ஒரே பக்கம் சொன்னால் அது நெருப்பிலிருந்து வந்ததுதான்.

கிணற்றுத் தண்ணீர்?

திறந்த கிணற்றில் நேரே விழுந்த துகளை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் சிறு அளவு, அடியில் படிந்துவிடும். நான் பயப்படுவது தீயணைத்த தண்ணீருக்கு. 1986 நவம்பர் 1 அன்று சுவிற்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் இரசாயனக் களஞ்சியம் ஒன்று எரிந்தது. அணைக்க அடித்த தண்ணீர் பீடைகொல்லிகளை அள்ளிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கி, விலாங்கு மீன்களைப் பெருந்தொகையில் கொன்றது. அங்கே ஆறு இருந்தது, நாடே பார்த்தது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. அந்தத் தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் நேரே நிலத்தடி நீருக்குப் போகும். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல்லுக்குள் எவ்வளவு பெரிய வெளிகள் இருக்கின்றன என்று தெரியும். நமக்குக் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் இருப்பது அந்த நீர்தான்.

சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் போன கதையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வந்தன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தத் தீர்ப்பளிக்கும் வரை மக்கள் அலைந்தார்கள். தொடக்கத்திலேயே ஒழுங்காக எடுத்த மாதிரிகள் எவ்வளவு பெறுமதி என்று அந்த ஆண்டுகள் காட்டின.

எனவே எரிந்த இடத்திலிருந்து தண்ணீர் ஓடிய வழியைப் படம் எடுங்கள், அது எங்கே தேங்கி வற்றியது என்று குறியுங்கள், அந்த மண்ணையும் பக்கத்துக் கிணறுகளையும் சோதிக்கக் கேளுங்கள். முடிவு வரும் வரை அந்தக் கிணறுகளில் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் உலோகமும் பீடைகொல்லியும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற உலோகம் செறிவாகத்தான் வரும். குளோரின் போட்டாலும் பயனில்லை. கிணற்றை இறைத்துவிட்டால் சரி என்பதும் தப்பு. வேகமாக இறைக்கும்போது சுற்றிலுமிருந்து நீர் உள்ளே இழுபடும், அழுக்கு இல்லாத கிணற்றுக்கும் அழுக்கு வந்து சேரலாம்.

தோட்டத்து மரக்கறி, முட்டை, பால்?

முடிவு வரும் வரை புகை படிந்த கீரையை ஆய வேண்டாம். வல்லாரை, பொன்னாங்காணி போல நிலத்தோடு படரும் கீரை கூடுதல் கவனம். கத்தரி, மிளகாய், முந்திரிகை எல்லாம் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவலாம். வெங்காயம், மரவள்ளி மண்ணுக்குள் இருப்பதால் தோல் உரித்துவிட்டால் துகள் போய்விடும். வேர் வழியாக டயொக்சின் செடிக்குள் ஏறுவது மிகக் குறைவு, பூசணிக் குடும்பம் மட்டும் விதிவிலக்கு. கட்மியத்தைக் கீரைகளும் புகையிலையும் இழுக்கும், ஆனாலும் சுண்ணாம்புத்தன்மையுள்ள நம் மண்ணில் அந்த இழுப்புக் குறைவு.

முட்டைதான் கடினமான விடயம். அவிழ்த்துவிட்ட ஊர்க்கோழி மேல்மண்ணைக் கொத்திக் கொத்தித்தான் சாப்பிடும். அதோடு போன டயொக்சின் கொழுப்பில் சேர்ந்து முட்டை மஞ்சட்கருவில் வந்து நிற்கும். மண்ணில் சாதாரணமாகத் தோன்றும் அளவு முட்டையில் வரம்பைத் தாண்டிவிடலாம். கோழியைக் கூட்டுக்குள் அடைத்து, வெளியில் வாங்கிய தீனி கொடுங்கள். மாட்டையும் ஆட்டையும் புகை படிந்த புல்லில் கட்ட வேண்டாம். ரூவானில் முதலில் பாலையும் விளைச்சலையும் நிறுத்திவிட்டுத்தான் சோதித்தார்கள், ஒக்டோபரில் முடிவுகள் வந்த பிறகு தடையை எடுத்தார்கள். அந்த ஒழுங்குதான் சரி. விவசாயிக்கு அந்த நாட்களின் வருமானம் போகிறது என்பதும் உண்மை, அதற்கான நட்டஈட்டையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் வெளியில் விளையாடலாமா?

சிறுபிள்ளை ஒன்று நாளுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் மண்ணையும் தூசையும் தன்னை அறியாமலே விழுங்கும் என்று வைத்துத்தான் ஆபத்துக் கணக்கைப் போடுகிறார்கள். கை வாயில் போகும், அவ்வளவுதான் விளக்கம். முடிவு வரும் வரை தவழும் பிள்ளையை வெறும் மண்ணில் விட வேண்டாம். பெரிய பிள்ளைகள் விளையாடினால் கைகால் கழுவிவிட்டு உள்ளே வரட்டும். செருப்பை வாசலில் கழற்றும் நம் பழக்கம் இந்த விடயத்தில் மிக நல்லது.

யாரிடம் போவது? முடிவைச் சொல்ல மாட்டோம் என்றால்?

அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117. பிறகு கிராம சேவையாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மத்திய சுற்றாடல் அதிகாரசபை. தோட்டம் என்றால் விவசாயப் போதனாசிரியர். எல்லாரிடமும் எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தனித்தனியாகப் போவதைவிட ஊர்ச் சங்கம் ஒன்றின் பெயரில் போனால் மாதிரிச் செலவும் பங்காகும்.

அரச நிறுவனம் எடுத்த சோதனையின் முடிவைத் தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். "அறிக்கை" என்று மட்டும் கேட்காமல், மாதிரி எடுத்த இடங்கள், ஆழம், திகதி, கண்டறியும் எல்லை எல்லாவற்றையும் கேளுங்கள். இவை இல்லாத அறிக்கையால் பயன் இல்லை.

மண்ணை அள்ளி எறிய வேண்டி வருமா?

பெரும்பாலான நெருப்புகளுக்குப் பிறகு அது தேவைப்படாது. பல்வளைய ஐதரோகாபன்களை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைக்கும். கூட்டெரு போட்டு ஈரம் காத்தால் வேகம் கூடும். உலோகம் சிதையாது, ஆனால் கூட்டெரு அதைப் பிடித்து வைக்கும். அளவு குறைவு என்று உறுதியான பிறகு உழுது கலப்பதில் தவறில்லை. அளவு கூட என்றால் உழக் கூடாது, அள்ள வேண்டிய மண்ணைப் பத்து மடங்காக்கிவிடுவீர்கள். மேல் 2 முதல் 5 சென்ரிமீற்றரை நனைத்துச் சுரண்டி எடுத்து, மேலே சுத்தமான மண் பரவலாம். எடுத்த மண்ணைப் பள்ளக்காணியிலோ பாழ்கிணற்றிலோ கொட்டவே கூடாது. செவெசோவில் அகற்றிய மண்ணை நீர் கசியாதபடி கட்டிய பெரிய தொட்டிகளில் புதைத்து, மேலே மரம் நட்டார்கள். அந்த வசதி தனி ஆளுக்குக் கிடையாது. இது அதிகாரசபை பொறுப்பெடுக்க வேண்டிய வேலை, எரிந்த நிறுவனம் செலவைக் கொடுக்க வேண்டிய வேலை.

இங்கே மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை விழுகிறது. மாரி முடிந்து தை பிறந்த பிறகு அதே இடங்களில், அதே இரண்டு ஆழத்தில் இன்னொரு முறை மாதிரி எடுங்கள். கிணற்று நீரையும் அதே கிழமையில் எடுத்துவிடுங்கள்.